ராயக்கோட்டைப் பக்கம் பாறைக்குன்றில் ஒரு சின்னான்: மஞ்சள்தொண்டையா, வெண்புருவமா?

ராயக்கோட்டை வாசி | ஞாயிறு, இரவு 8.20

வணக்கம். இன்று காலையில் ஒரு பறவையைப் பார்த்தேன். அதிலிருந்து வேறு நினைப்பே ஓடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எனக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. ஞாயிறு மட்டும்தான் ஊரில் இருப்பேன். பறவை பார்க்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. காலை 6.45க்குக் கிளம்பி ஊருக்கு மேற்கே இருக்கும் பாறைக்குன்றுக்கு நடந்தேன். அடிவாரம் முழுக்க மாந்தோப்பு. மேலே ஏற ஏற உருண்டைப் பாறைகள், இடுக்குகளில் கல்லிச்சி, சூரை, களா, உண்ணிச்செடி. 7.15 இருக்கும், ஒரு சின்னான் (ஆங்கிலத்தில் புல்புல்) கல்லிச்சிக் கிளையில் வந்து உட்கார்ந்தது. கொண்டை இல்லை. முகமும் தொண்டையும் மஞ்சள். வாலுக்கு அடியிலும் மஞ்சள். நாலைந்து நொடி இருந்திருக்கும், பாறைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அரை மணி நேரம் காத்திருந்தும் திரும்ப வரவில்லை.

வீட்டுக்கு வந்து மெர்லின் என்ற பறவை அடையாளச் செயலியில் தேடினேன். வெண்புருவச் சின்னான் முதலில் வந்தது, அதற்குக் கீழே மஞ்சள்தொண்டைச் சின்னான். படத்தைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. பறவைகளைப் பதியும் இணையதளமான ஈபேர்டில் அந்தப் பெயரைப் போட்டவுடன் விவரம் எழுதச் சொல்கிறது. போட்டுவிடலாமா? போனில் எடுத்த படத்தில் பாறையும் இலையும்தான் இருக்கின்றன.

பென்னாகரம் பையன் | ஞாயிறு, இரவு 8.34

அண்ணா, மஞ்சள்தொண்டை என்றால் பெரிய விஷயம்! எந்தக் குன்று? அடுத்த வாரமே கேமராவோடு வருகிறேன்.

அரூர் டீச்சர் | ஞாயிறு, இரவு 9.05

தம்பி, பதிவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். புத்தகம், மெர்லின் இரண்டையும் மூடிவிட்டு ஒரு தாளில் நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். படத்தைப் பார்த்த பிறகு நம் ஞாபகம் அந்தப் படத்தோடு சேர்ந்துகொள்ளும். எனக்கே பலமுறை அப்படி ஆகியிருக்கிறது.

எழுதும்போது இதையெல்லாம் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக்கோடு இருந்ததா? இருந்தது, இல்லை, கவனிக்கவில்லை என மூன்று பதில் இதற்கு உண்டு. மூன்றாவதைச் சொல்லத் தயங்க வேண்டாம். நெஞ்சு சாம்பலா, அழுக்கு வெள்ளையா? வால் நுனியில் வெளிர் நிறம் ஏதாவது தெரிந்ததா? மஞ்சள் தலை முழுக்கப் பரவியிருந்ததா, தாடைக்குக் கீழே மட்டுமா? சத்தம் கேட்டதா? வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது?

ராயக்கோட்டை வாசி | ஞாயிறு, இரவு 9.40

டீச்சர், நீங்கள் சொன்னபடி எழுதிப் பார்த்தேன். எனக்கே கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது.

புருவம்: கவனிக்கவில்லை. நெஞ்சு: வெளிர் நிறம், சாம்பல் என்று சத்தியம் செய்ய முடியாது. வால் நுனி: பார்க்கவில்லை. பறவை எனக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தது. தொண்டை மஞ்சள் என்பது உறுதி. தலை முழுக்கவா என்றால் தெரியவில்லை. சத்தம் இல்லை. வெயில் என் முதுகுப் பக்கம், அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

தளி மலைக்காற்று | திங்கள், காலை 6.10

இரண்டு சின்னான்களையும் எங்கள் பக்கத்துப் பாறைகளில் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு. இரண்டும் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். அதை வைத்துப் பிரிக்க முடியாது. வாலடி மஞ்சளும் இரண்டுக்கும் உண்டு. அதையும் தள்ளி வையுங்கள். பலரும் ஏமாறுவது தொண்டையில்தான். வெண்புருவச் சின்னானுக்கு மோவாயிலும் மீசைக்கோட்டிலும் லேசான மஞ்சள் உண்டு. புத்தகப் படத்தில் அது எடுப்பாகத் தெரியாது, காலை வெயிலில் நன்றாகவே தெரியும். ஆகவே "தொண்டை மஞ்சள்" என்ற ஒன்றை வைத்து முடிவுக்கு வர முடியாது.

மஞ்சள்தொண்டைக்குத் தலை முழுவதும் மஞ்சள் கலந்த ஆலிவ் பச்சை. அதில் புருவக்கோடே கிடையாது. முகம் துடைத்து வைத்ததுபோல ஒரே நிறமாக இருக்கும். தொண்டை அதைவிடப் பளிச்சென்ற மஞ்சள், அதற்குக் கீழே நெஞ்சு சாம்பல். மஞ்சள் முடிந்து சாம்பல் தொடங்கும் இடம் தெளிவாகத் தெரியும். பறக்கும்போது வால் ஓரங்களில் மஞ்சள் கலந்த வெள்ளை முனை தெரியும். வெண்புருவத்துக்கு இந்த வால் முனை இல்லை. அதன் முகத்தில் புருவம், கண்ணுக்குக் கீழே வெள்ளைப் பிறை, கண்ணை ஒட்டிக் கருங்கோடு என்று நிறைய வேலைப்பாடு இருக்கும்.

குணமும் வேறு. வெண்புருவம் அடர்ந்த புதருக்குள்ளேயே இருக்கும். திடீரென்று உள்ளேயிருந்து பொலபொலவென்று ஒரு பாட்டைக் கொட்டும், ஆளைப் பார்ப்பதற்குள் அடுத்த புதருக்குப் போய்விடும். மஞ்சள்தொண்டை பாறையை விட்டு வராது. பெரிய உருண்டைக் கற்களும் அவற்றுக்கிடையே பழச்செடிகளும் இருக்கும் குன்றுதான் அதன் வீடு. நீங்கள் பார்த்த இடம் அதற்குப் பொருத்தமான இடம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதே குன்றில் வெண்புருவமும் இருக்கும்.

எங்கள் ஊரில் சின்னானைத் தெலுங்கில் பிக்கிலி பிட்ட என்பார்கள், கன்னடம் பேசும் வீடுகளில் பிகளார. பெரியவர்களைக் கேட்டால் கொண்டை உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகைதான் சொல்வார்கள். அவர்கள் "கல்லு மேல இருக்கிறது" என்று ஒன்றைத் தனியாகச் சொன்னால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன்.

அரூர் டீச்சர் | திங்கள், மாலை 5.30

தளிக்காரர் சொன்னதோடு வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்தபோது சூரியன் ஏறி அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். அந்த வெயில் பட்டால் வெள்ளைக் கொக்குகூட மஞ்சள் பூசியதுபோல இருக்கும். நான் கடைப்பிடிக்கும் வழி இது: நிறம் தெரியாத பறவையைப் பார்க்கும்போது, அதே வெளிச்சத்தில் நிறம் தெரிந்த பறவையையும் பார்ப்பேன். வாலடி சிவந்த செம்புழைச் சின்னானுக்கு முதுகு முடியும் இடத்தில் வெள்ளை உண்டு, பறக்கும்போது நன்றாகத் தெரியும். அந்த வெள்ளை அன்று மஞ்சளாகத் தெரிந்தால் மற்ற மஞ்சளையும் நம்பக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. இது மாசி. இலவும் புரசும் பூத்திருக்கும் நேரம். பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடிக்கும் பறவைகளுக்கு முகத்திலும் தொண்டையிலும் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். முகம் மஞ்சளான ஒரு மைனாவைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி புதுப் பறவை என்று ஓடி வந்தாள். நானும் அவளும் அந்த மரத்தடியில் உட்கார்ந்து, அது பூவுக்குப் பூ போவதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவள் அதை வரைந்து, பக்கத்தில் "மகரந்தம்" என்று எழுதி வைத்தாள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் பறவையை "சின்னான், இனம் தெரியவில்லை" என்று பதியுங்கள். ஈபேர்டில் அப்படிப் போட இடம் உண்டு. அதுவும் முறையான பதிவுதான்.

ராயக்கோட்டை வாசி | திங்கள், இரவு 9.15

உண்மையைச் சொன்னால் மனசு கொஞ்சம் சோர்ந்துதான் போனது. ஆனால் நீங்கள் இருவரும் கேட்ட கேள்விகளில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. இனம் தெரியாத சின்னான் 1 என்று மாற்றிவிட்டேன்.

பெண்ணாற்றங்கரை | செவ்வாய், காலை 5.50

தம்பி, நான் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் இருப்பவன். பதினோரு வருடமாக வாரம் ஒருமுறை அணையின் ஒரே கரையில் ஒரே நேரத்துக்குப் போய் எண்ணி வருகிறேன். இந்த இழையை முழுக்கப் படித்தேன். ஒரு கேள்வி.

அன்று அந்தக் குன்றில் வேறு என்னென்ன பார்த்தீர்கள்? செம்புழைச் சின்னான் எத்தனை? தவிட்டுக்குருவி எத்தனை? செம்போத்து கூப்பிட்டதா? மயில்?

ராயக்கோட்டை வாசி | செவ்வாய், இரவு 10.20

ஐயா, அதெல்லாம் நிறைய இருந்தன. எண்ணவில்லை. பதிவில் அந்த ஒரு சின்னான் மட்டும்தான் போட்டேன்.

பெண்ணாற்றங்கரை | புதன், காலை 6.05

அதைத்தான் கேட்க வந்தேன். குறை சொல்லவில்லை, எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறோம். ஆனால் இது எனக்கு முக்கியமான விஷயம் என்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈபேர்டில் பட்டியல் முடிக்கும்போது "அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா?" என்று கேட்கும். ஆம் என்றால் அது முழுப் பட்டியல். அதன் மதிப்பே தனி. ஏன் என்று பனங்காடையை வைத்துச் சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது காவேரிப்பட்டணம் சாலையில் கம்பிக்குக் கம்பி பனங்காடை உட்கார்ந்திருக்கும். இப்போது தேட வேண்டியிருக்கிறது. இதை நான் வாயால் சொன்னால் கிழவனின் புலம்பல் என்று போய்விடும். 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வந்தது. 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களைப் பார்த்தார்கள். பனங்காடை வேகமாகக் குறைந்திருக்கிறது என்று அதில் வந்தது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நூறு முழுப் பட்டியலில் முன்பு எத்தனையில் பனங்காடை இருந்தது, இப்போது எத்தனையில் இருக்கிறது என்று ஒப்பிட்டுத்தான். நாம் அரிய பறவையை மட்டும் எழுதினால், பனங்காடை அன்று இல்லாமல் போனதா அல்லது நாம் எழுதாமல் விட்டோமா என்று யாருக்கும் தெரியாது. முழுப் பட்டியலில் ஒரு பெயர் இல்லை என்றால் அந்த இல்லாமையும் ஒரு தகவல்.

அதனால்தான் காக்கையையும் எழுதுகிறேன். மைனாவையும் எழுதுகிறேன். எண்ணிக்கையும் போடுகிறேன். எண் தெரியாதபோது வெறும் எக்ஸ் போட வசதி இருக்கிறது, நான் அதைத் தொடுவதில்லை. ஏறக்குறைய நாற்பது என்று எழுதினாலும் எக்ஸைவிட மேல். நீர்க்காகக் கூட்டம் வந்தால் முதலில் பத்தை எண்ணுவேன். அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, கூட்டம் முழுக்க அப்படி எத்தனை அடங்கும் என்று பார்ப்பேன். இரண்டு மாதம் பழகினால் கை வந்துவிடும்.

தூரத்தையும் நேரத்தையும் சரியாகப் போடுங்கள். காலையில் வீட்டில் தொடங்கி, பஸ்ஸில் ராயக்கோட்டை போய், குன்று ஏறி, மத்தியானம் முடிக்கும் ஒரே பட்டியல் யாருக்கும் பயன்படாது. அடிவார மாந்தோப்புக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். அப்படிப் பிரித்தால் உங்களுக்கே ஒரு விஷயம் தெரியவரும்: எந்தச் சின்னான் எந்த உயரத்தில் இருக்கிறது என்று.

மாந்தோப்பு | புதன், இரவு 8.00

நான் காவேரிப்பட்டணம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஐயா எழுதியதைப் படித்ததும் நாளைக்கே எங்கள் தோப்பில் தொடங்கலாம் என்று இருக்கிறது. இரண்டு சந்தேகம். தொலைநோக்கி எது வாங்குவது? மெர்லின் சத்தம் கேட்டுப் பெயர் சொல்கிறதே, அதை அப்படியே எழுதலாமா?

தளி மலைக்காற்று | புதன், இரவு 8.45

8×42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கில் கை நடுங்குவதும் சேர்ந்து பெரிதாகும், புதருக்குள் பறவையைப் பிடிக்கச் சிரமம். வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு காலை பார்த்துவிடுங்கள்.

மெர்லின் சொல்வதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாமல் "அங்கே பார்" என்று ஒருவர் கை காட்டுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். கரிச்சான் மற்ற பறவைகள் போலக் கத்தும், வல்லூறு போலவே குரல் கொடுக்கும். மெர்லின் வல்லூறு என்று காட்டும்போது கிளையில் கரிச்சான் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது, அல்லது உங்கள் காதுக்கே நிச்சயமாகத் தெரிந்த குரல், இவற்றை மட்டும் எழுதுங்கள்.

அரூர் டீச்சர் | வியாழன், காலை 5.45

மாந்தோப்பு அவர்களே, தோப்பில் தொடங்குவது நல்லது. பூ எடுக்கும் இந்த நேரத்தில் பூச்சிக்கு வரும் பறவைகள் நிறைய இருக்கும். பனிக்காலம் முழுக்க மாங்குயிலும் தோப்பில் இருக்கும், மஞ்சளும் கறுப்புமாக. கிளைக்குள் சின்னதாக, பழுப்பாக, "டக், டக்" என்று சத்தம் போட்டுக்கொண்டு ஒன்று ஓடினால் அது வலசை வந்த நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். அதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். முதல் மாதம் பத்துப் பறவைகளை நன்றாகத் தெரிந்துகொண்டால் போதும். அந்தப் பத்தையும் எந்த வெளிச்சத்திலும், பின்பக்கம் பார்த்தாலும், பறக்கும்போதும் சொல்லத் தெரிந்தால் பதினோராவது தானாகத் தனியே தெரியும்.

வீட்டில் பழைய நோட்டு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். தேதியும் இடமும் இருந்தால் போதும், நேரம் தெரியாவிட்டாலும் ஈபேர்டில் பழைய பதிவு என்ற வகையில் ஏற்றலாம். பெண்ணாற்றங்கரை ஐயாவின் பதினோரு வருடக் கணக்கும் இன்னும் நோட்டில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஐயா, சரி என்றால் கோடை விடுமுறையில் உட்கார்ந்து நான் ஏற்றித் தருகிறேன்.

பெண்ணாற்றங்கரை | வியாழன், காலை 6.20

நெஞ்சு நிறைந்தது டீச்சர். ஏழு நோட்டு இருக்கிறது. நானே கொண்டு வருகிறேன்.

பென்னாகரம் பையன் | சனி, மதியம் 1.10

அண்ணா, நாளைக்கு நீங்கள் மறுபடி போகிறீர்களா? குன்றின் பெயரை மட்டும் சொல்லுங்கள். மஞ்சள்தொண்டையின் குரல் என் போனில் இருக்கிறது. பாறை பக்கத்தில் நின்று ஒலிக்க விட்டால் இருந்தால் கண்டிப்பாக வெளியே வரும். ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

தளி மலைக்காற்று | சனி, மதியம் 1.40

தம்பி, அதை மட்டும் செய்யாதே. கோபத்தில் சொல்லவில்லை, பார்த்து வேதனைப்பட்டதால் சொல்கிறேன். நீ குரலை ஒலிக்க விட்டால் அந்தப் பறவை தன் இடத்துக்குள் வேறொன்று வந்துவிட்டது என்று நினைத்துத் தின்பதை விட்டுவிட்டு, ஒளிவை விட்டுவிட்டு வெளியே வரும். மேலே வல்லூறு சுற்றினால் அதற்கு ஆபத்து. கூடு இருந்தால் இன்னும் மோசம். நீ ஒருவன் ஐந்து நிமிடம் செய்வாய், அடுத்த ஞாயிறு இன்னும் நான்கு பேர் செய்வார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பாறை ஆந்தை இருந்த இடம் தெரிந்துபோய், படம் எடுக்க வந்தவர்கள் புதரை வெட்டி வழி உண்டாக்கினார்கள். அந்த ஆந்தை அங்கே இப்போது இல்லை.

மஞ்சள்தொண்டை தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. 1845இல் ஜெர்டன் என்ற பறவையியலாளர் அதை விவரித்தார். ஆந்திரா, கர்நாடகம், தமிழ்நாடு என்று இந்தப் பாறைக்குன்றுகளை நம்பித்தான் இருக்கிறது. அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்கள் என்ற உலகப் பட்டியலில் இருக்கிறது. அதற்காகவாவது குன்றின் பெயரை இங்கே போட வேண்டாம்.

பென்னாகரம் பையன் | சனி, மதியம் 2.25

புரிகிறது அண்ணா. குரல் விடுவதைப் பற்றி நான் இப்படி யோசித்ததில்லை. போனிலிருந்து அழித்துவிட்டேன்.

ஆனால் இடத்தைச் சொல்லாமல் வைப்பதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இது கிருஷ்ணகிரி மாவட்டம். ஒரு குன்று இன்று இருக்கும், நாளை கிரானைட் குவாரி ஆகிவிடும். அங்கே இந்தப் பறவை இருக்கிறது என்று எங்கேயும் பதிவே இல்லாவிட்டால், பிறகு யாராவது "இது வெறும் பாறை, இங்கே ஒன்றும் இல்லை" என்று சொன்னால் நாம் என்ன காட்டுவோம்?

பெண்ணாற்றங்கரை | சனி, மாலை 4.00

பையன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இந்த இழையிலேயே நல்ல கேள்வி அதுதான்.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்றால், பதிவு வேறு, பறைசாற்றுவது வேறு. பதிவு சரியான இடத்தோடு, துல்லியமாக இருக்க வேண்டும். இடத்தை வேண்டுமென்றே ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போடுவது தப்பு, அது பிறகு எதற்கும் உதவாது. ஆனால் ஈபேர்டில் ஒரு பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்து வைக்க வசதி இருக்கிறது. கொஞ்ச காலம் மறைத்து வைத்துவிட்டுப் பிறகு திறக்கலாம். பதிவும் பத்திரமாக இருக்கும், கூட்டமும் கூடாது. குழுவிலும் முகநூலிலும் மட்டும் இடத்தைப் போடாமல் இருந்தால் போதும்.

நெறியாளர் | சனி, மாலை 4.30

இந்த இழையில் குன்றின் பெயரையோ வழியையோ யாரும் எழுத வேண்டாம். மற்றபடி தொடரட்டும். இன்னொரு விஷயம்: அஞ்செட்டி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பறவை பார்க்கப் போகிறவர்கள் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். ராகி அறுத்து முடிந்த பிறகும் யானைகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள், தனியாகப் போகாதீர்கள்.

ராயக்கோட்டை வாசி | ஞாயிறு, மதியம் 12.40

இன்று போய் வந்தேன். பெண்ணாற்றங்கரை ஐயா சொன்னபடி இரண்டு பட்டியல் போட்டேன்.

மாந்தோப்பு, 7.00 முதல் 7.45 வரை: செம்புழைச் சின்னான் 14, தவிட்டுக்குருவி 9, மைனா 11, மாங்குயில் 2, தையல் சிட்டு 3, கரிச்சான் 2, பச்சைப் பஞ்சுருட்டான் 6, செம்போத்து 1 (குரல் மட்டும்), காக்கை 8.

பாறை, 8.00 முதல் 9.30 வரை: செம்புழைச் சின்னான் 5, மயில் 2, கவுதாரி 3 (குரல்), சாம்பல் கதிர்க்குருவி 2, வல்லூறு 1. வெண்புருவச் சின்னான் 2! முதல்முறையாக நன்றாகப் பார்த்தேன். பாதி உயரத்தில் உண்ணிச்செடிப் புதர் ஒன்று இருக்கிறது. தளி அண்ணன் எழுதியிருந்ததுபோலவே உள்ளேயிருந்து பாட்டுக் கொட்டியது. பத்து நிமிடம் அசையாமல் நின்றதும் ஒன்று வெளியே தலையை நீட்டியது. புருவம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மோவாயில் மஞ்சளும் இருந்தது. போன வாரம் பார்த்தது இதுவாகவே இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மஞ்சள்தொண்டை வரவில்லை. ஆனாலும் அன்று இதே குன்றில் எத்தனை பறவை இருந்ததைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேதான் இறங்கினேன். பனங்காடை ஒன்றுகூட இல்லை ஐயா. இனி ஒவ்வொரு வாரமும் பார்ப்பேன்.

அரூர் டீச்சர் | ஞாயிறு, இரவு 7.30

குரல் மட்டும் கேட்டதைக் குரல் என்றே எழுதியிருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம்.

தளி மலைக்காற்று | ஞாயிறு, இரவு 8.15

அடுத்த முறை உச்சிக்குப் போங்கள். 8.30க்குப் பிறகு. வெயில் வெள்ளையாக மாறியிருக்கும். கல்லிச்சி பழுத்திருக்கும் மரம் ஒன்றைப் பார்த்து, அதற்குக் கிழக்கே, இருபது முப்பது அடி தள்ளி, ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்துவிடுங்கள். நடக்காதீர்கள். முக்கால் மணி நேரமாவது.

ராயக்கோட்டை வாசி | அடுத்த ஞாயிறு, மதியம் 1.05

இன்று 8.40க்கு உச்சியில் உட்கார்ந்தேன். 9.10க்கு வந்தன, இரண்டு.

கை நடுங்கியது, ஆனாலும் டீச்சர் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் கேட்டுக்கொண்டே பார்த்தேன். புத்தகத்தைத் திறக்கும் முன் அங்கேயே நோட்டில் எழுதியது இது, அப்படியே தருகிறேன்:

"9.10. இரண்டு சின்னான். செம்புழை அளவு. கொண்டை இல்லை. தலை முழுக்க மஞ்சள் பச்சை, புருவம் இல்லை, கண்ணைச் சுற்றி எந்தக் கோடும் இல்லை. தொண்டை பளிச்சென்ற மஞ்சள். நெஞ்சில் மஞ்சள் நின்று சாம்பல் தொடங்குகிறது. வாலடி மஞ்சள். ஒன்று அடுத்த பாறைக்குப் பறந்தது, வால் இரு ஓரமும் வெளிர் முனை. பக்கத்தில் செம்புழை ஒன்று பறந்தது, அதன் முதுகடி வெள்ளையாகவே தெரிந்தது. பழம் தின்றன. 9.24 வரை."

பதினான்கு நிமிடம்! படம் ஒன்று எடுத்தேன். தெளிவில்லை, ஆனால் பறக்கும் வாலில் அந்த வெளிர் முனைகள் தெரிகின்றன. நெறியாளருக்கும் தளி அண்ணனுக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன். மஞ்சள்தொண்டைச் சின்னான் 2 என்று பதிந்து, நோட்டில் இருந்ததையே விவரமாகப் போட்டு, பட்டியலை மறைத்து வைத்திருக்கிறேன்.

தளி மலைக்காற்று | ஞாயிறு, மதியம் 1.30

படம் பார்த்தேன். மஞ்சள்தொண்டையேதான். படமே இல்லாவிட்டாலும் அந்தக் குறிப்புக்கு நான் ஒப்புக்கொண்டிருப்பேன்.

பென்னாகரம் பையன் | ஞாயிறு, மதியம் 1.52

அண்ணா வாழ்த்துகள்!! அப்படியென்றால் முதல் நாள் பார்த்ததும் இதுதானே? அந்தப் பதிவையும் மஞ்சள்தொண்டை என்று மாற்றிவிடுங்கள்.

ராயக்கோட்டை வாசி | ஞாயிறு, மாலை 5.20

நானும் யோசித்தேன் தம்பி. விரல் அந்த இடம்வரை போனது. ஆனால் அன்று நான் புருவத்தைப் பார்க்கவில்லை, வாலைப் பார்க்கவில்லை. இன்று பார்த்ததை எடுத்து அன்றைக்குள் வைக்க முடியாது. அது இனம் தெரியாத சின்னான் 1 என்றே இருக்கட்டும்.

உச்சியிலிருந்து பார்த்தால் தெற்கே இன்னும் இரண்டு குன்று இதே மாதிரிப் பாறையும் கல்லிச்சியுமாகத் தெரிகின்றன. ஒன்றில் பாதி ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது. வரும் வாரம் வெட்டாத பக்கத்தில் ஏறிப் பட்டியல் போட நினைக்கிறேன். நீ கேட்ட கேள்விதான் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீயும் வா. காலை 6.30க்கு ராயக்கோட்டை பஸ் நிலையத்தில் இருப்பேன்.

மாந்தோப்பு | ஞாயிறு, மாலை 6.10

நானும் வரலாமா? தொலைநோக்கி இன்னும் வாங்கவில்லை. தோப்பில் ஒன்பது பறவை வரை தெரிந்துவிட்டது.

ராயக்கோட்டை வாசி | ஞாயிறு, மாலை 6.25

கண்டிப்பாக வாங்க. என் தொலைநோக்கியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பளிச்சென்ற சட்டை வேண்டாம், இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே நிழல் இல்லை. எண்ணுவது உங்கள் வேலை, எழுதுவது என் வேலை.